டியூஷனும் ஒரு கொடுக்கல் வாங்கல்தான்

(ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் சமுதாய வளப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வங்கிக் கடன் இணைப்பு, சுழல் நிதி, சிறு தொழில் பற்றியெல்லாம் எனக்கு முன்னாடி பேசினவங்க நல்லாச் சொல்லிட்டாங்க. எனக்குக் கொடுத்த தலைப்பு கொஞ்சம் வேற. "பிள்ளைகளுக்கு டியூஷன் டீச்சர் அமைச்சுக் கொடுக்கறதுல நாம படற பாட்டைச் சொல்லுங்க" என்று தலைவி அக்கா சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. சிரிக்கிற விஷயம் மாதிரித் தெரியும். ஆனா இதுல ஒரு பிள்ளையோட படிப்பும், படிச்ச ஒரு பெண்ணோட உழைப்பும் அடங்கியிருக்குது. அதனால கொஞ்சம் விரிவாவே பேசறேன்.

கூட்டமைப்புக்கும் டியூஷனுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேக்கறாங்க. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கி, அங்கேயிருந்து நம்ம சேலத்துக்கும் வந்தபோது, "பொம்பளைங்க சேர்ந்து பணத்தை என்ன பண்ணப் போறாங்க?" என்று இதே மாதிரித்தான் கேட்டாங்க. 1997-ல் சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாப் பிரிஞ்சது. அந்தக் காலத்துக் குழுக் கூட்டங்களில் முதல் கடன் எதுக்குக் கேட்டாங்கன்னு பழைய தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்க. ஆடு, மாடு, மருத்துவச் செலவு, அதுக்கு அடுத்த வரியில பிள்ளைங்க பள்ளிக்கூடச் செலவு. பிள்ளை படிப்பு நம்ம கூட்டத்துக்குள்ள புதுசா வந்த விஷயம் இல்லைங்க.

டியூஷன் அமைச்சுக் கொடுக்கற வேலை மட்டும் கொரோனாவுக்குப் பிறகுதான் நம்ம கையில வந்தது. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடினாங்க. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் மறுபடி கதவு திறந்தது. ஒன்றரை வருஷத்துக்கு மேல. ஒண்ணாவதில் சேர்ந்த பிள்ளை 'அ' எழுதப் பழகறதுக்குள்ள பள்ளிக்கூடம் மூடி, திறக்கும்போது மூணாவதுல உட்கார்ந்திருந்தது.

அப்போ தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைக் கொண்டுவந்தது. 2021 அக்டோபர் 27-ஆம் தேதி விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் தொடங்கி வைத்தார். ஒன்றாவது முதல் ஐந்தாவது வரை சொல்லித் தர பிளஸ் டூ முடித்திருந்தால் போதும். ஆறாவது முதல் எட்டாவது வரைக்கு டிகிரி வேணும். மாலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள் வகுப்பு, ஒரு தன்னார்வலருக்கு 20 பிள்ளைகள், மாசம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. மாநிலம் முழுக்க லட்சக்கணக்கில் விண்ணப்பம் போட்டாங்க. அதுல பெரும்பாலும் பெண்கள். நம்ம குழுக் குடும்பங்கள்ல இருந்தே எத்தனை மருமகள்கள் திண்ணையிலயும் கோயில் மண்டபத்துலயும் பலகை வெச்சுச் சொல்லிக் கொடுத்தாங்க! இந்தத் திட்டம் பலன் கொடுத்ததான்னு பொருளாதார அறிஞர்கள் சுமார் 19,000 கிராமத்துப் பிள்ளைகளைச் சோதிச்சுப் பார்த்தாங்க. பள்ளி திறந்த ஆறு மாசத்துல, விட்டுப்போன படிப்புல மூணுல ரெண்டு பங்கை நம்ம பிள்ளைங்க மீட்டுட்டாங்க. அந்த மீட்சியில ஏறக்குறைய நாலுல ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால வந்ததுன்னு அந்த ஆய்வு சொல்லுது.

அது எப்படி நடந்ததுன்னு நான் ரொம்ப ரோசனை பண்ணினேன். அந்தத் திட்டத்துல நாலு விஷயம் முன்கூட்டியே பேசி முடிவாயிருந்தது. எங்கே வகுப்பு, எத்தனை மணிக்கு, எத்தனை பிள்ளைங்க, எவ்வளவு பணம். இந்த நாலையும் யாரும் யார்கிட்டயும் சங்கடப்பட்டுக் கேக்க வேண்டியது இல்லை. அரசாங்கமே எழுதி வெச்சிருந்தது.

அந்த வகுப்பைப் பார்த்த தாய்மார்கள் அதுக்கப்புறம் நம்மகிட்ட வர ஆரம்பிச்சாங்க. "ஒம்பதாவது பையனுக்கு யாராச்சும் இருக்காங்களா?" "பாப்பாவுக்கு இங்கிலீஷ் சொல்லித் தர ஆள் வேணும்." இன்னொரு பக்கம் டி.டி.எட்., பி.எட்., எம்.எஸ்சி. படிச்சுட்டு, கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்து, வேலைக்குப் போக வழியில்லாம இருக்கற பெண்கள். ரெண்டு பக்கமும் நம்ம குழு உறுப்பினர்கள்தான். சேர்த்து வைக்கறது சுலபம்னு நினைச்சோம். ஆனா அந்த நாலு விஷயத்தையும் இங்கே யாரும் வாய் திறந்து பேசறது இல்லை. ஒரே ஊரு, தெரிஞ்ச முகம், சொந்தம். அதனாலேயே பேச்சு வர்றதில்லை. அங்கதான் எல்லாச் சிக்கலும் தொடங்குதுங்க.

முதல் சிக்கல், பிள்ளைக்கு எது வரலைங்கறது. இதை அரசாங்கத் திட்டமும் நமக்குச் சொல்லித் தரலை, நாமதான் கண்டுபிடிக்கணும்.

பெற்றோர் வந்து சொல்றது ஒண்ணு, பிள்ளைக்கு வேண்டியது வேற ஒண்ணு. எட்டாவது படிக்கற ஒரு பொண்ணு. அப்பா லாரி ஓட்டறார், போனா பத்து பதினஞ்சு நாள் கழிச்சுத்தான் வருவார். அம்மா கோழிப்பண்ணையில முட்டை பொறுக்கற வேலை. "கணக்கு சுத்தமா வரலைங்க, நல்ல கணக்கு டீச்சராப் பாருங்க" என்று அம்மா கேட்டாங்க. அதுக்கு முன்னாடியே ரெண்டு இடம் மாத்தியாச்சு. ரெண்டு டீச்சரும் "இந்தப் பொண்ணுக்குக் கவனம் இல்லை" என்று சொல்லிட்டாங்க.

நாங்க அந்தப் பொண்ணை உட்கார வெச்சு ஒரு கணக்கு கொடுத்தோம். பண்ணையில 12 அட்டை முட்டை, அட்டைக்கு 30, அதுல 8 முட்டை உடைஞ்சு போச்சு, மீதி எவ்வளவு? எழுதிக் கொடுத்த தாளையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. பத்து நிமிஷம் ஆச்சு. அப்புறம் அதே கணக்கை நான் வாயால சொன்னேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள "352" என்று பதில் வந்துச்சுங்க. அந்தப் பிள்ளைக்குக் கணக்கு வரும். படிக்கத்தான் வராது. தமிழ்ல ரெண்டு வரி சேர்ந்தாப்ல படிக்க வராத பிள்ளை எட்டாவது வரைக்கும் வந்திருக்குது. வெளியே தெரிஞ்சா மானம் போகும்னு கவனம் இல்லாத மாதிரியே உட்கார்ந்து சமாளிச்சிருக்குது.

அந்தப் பொண்ணுக்கு எம்.எஸ்சி. கணிதம் படிச்ச டீச்சர் வேண்டியதில்லை. இல்லம் தேடிக் கல்வியில சின்னப் பிள்ளைங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துப் பழகின, பிளஸ் டூ மட்டும் படிச்ச ஒரு தங்கச்சிதான் வேணும். அம்மா முதல்ல ஒத்துக்கலை. "பிளஸ் டூ படிச்ச பொண்ணு எட்டாவதுக்கு என்னத்தச் சொல்லித் தருவா?" என்று கேட்டாங்க. அந்த 352 கதையைச் சொன்ன பிறகுதான் சரின்னாங்க. மத்த பிள்ளைங்க பார்க்காத நேரமா, காலையில ஆறரை மணிக்கு, மூணாவது தமிழ்ப் புத்தகத்தை வெச்சு நாலு மாசம் நடந்தது. இப்போ அது தன் சமூக அறிவியல் புத்தகத்தைத் தானே படிக்குது. கணக்குக்கு இனிமேத்தான் வேற டீச்சர்.

அதனால, டீச்சர் தேடறதுக்கு முன்னாடி பிள்ளையை அரை மணி நேரம் உட்கார வெச்சுப் பாருங்க. பெரிய பரீட்சை எதுவும் வேண்டாம். நாடு முழுக்க கிராமத்துப் பிள்ளைகளோட படிப்பைச் சோதிக்கற 'ஏசர்' கணக்கெடுப்புலயே ஒரு தாள்தான் வெச்சிருக்காங்க. எழுத்து, சொல், ஒரு சின்னப் பத்தி, ஒரு சின்னக் கதை. கணக்குல ஒரு கடன் வாங்கிக் கழித்தல், ஒரு வகுத்தல். 52-ல் 17 போனா எவ்வளவுன்னு கேளுங்க. பிள்ளை 45-ன்னு எழுதினா, ஏழுல ரெண்டைக் கழிச்சிருக்குதுன்னு அர்த்தம். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியலை. எந்த வகுப்புப் பிள்ளையா இருந்தாலும் அங்கேயிருந்துதான் தொடங்கணும். பிள்ளை தப்பா எழுதும்போது பக்கத்துல அம்மா உட்கார்ந்து முறைக்கக் கூடாதுங்க. அதையும் சேர்த்துச் சொல்லிடறேன்.

ரெண்டாவது சிக்கல், நேரமும் இடமும்.

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறிக் குடும்பங்கள்ல ஷிப்ட் மாறிக்கிட்டே இருக்கும். இந்த வாரம் அம்மா பகல், அடுத்த வாரம் ராத்திரி. பிள்ளையைக் கொண்டுவந்து விட ஒரு வாரம் ஆள் இருக்கும், ஒரு வாரம் இருக்காது. சேலத்துல கொலுசுப் பட்டறை வேலை வீட்டுலயே நடக்கும். தீபாவளி நெருங்கினா பிள்ளையும் கூட உட்கார்ந்து சலங்கை கோக்கும், டியூஷன் நின்னுடும். திருச்செங்கோடு பக்கம் ரிக் வண்டிக்குப் போற அப்பாமார் மாசக்கணக்குல வெளி மாநிலத்துல இருப்பாங்க. டீச்சர் என்ன சொன்னாலும் கேட்டு முடிவு பண்ண வீட்டுல அம்மா ஒருத்திதான்.

டீச்சர் வீட்டுப் பக்கமும் பாருங்க. பொழுதோட அஞ்சு மணியிலிருந்து ஏழு மணி வரைக்குந்தான் பிள்ளைங்களுக்கு வசதி. அதே நேரந்தான் பால் கறக்கணும், அடுப்புப் பத்த வைக்கணும், சொந்தப் பிள்ளை பசிக்குதுன்னு நிக்கும். நல்லா நடந்துக்கிட்டிருந்த ஒரு வகுப்பு நின்னுபோச்சு. என்னன்னு போய்க் கேட்டா, "ஒறம்பரை வந்தா உக்கார இடம் இல்லை, வாசல் பூரா செருப்பு" என்று மாமியார் சொல்லிட்டாங்க. அந்த மாமியாரைக் குறை சொல்ல முடியலைங்க. ஒண்ணரை ரூம் வீடு.

இதுக்கு நாங்க பண்ணினது ரெண்டு. டீச்சர் வீட்டுல பெரியவங்ககிட்ட முதல்லயே போய்ப் பேசறது. "உங்க மருமகளுக்கு மாசம் இவ்வளவு வரும், வாரத்துல ஆறு நாள், இத்தனை மணிக்கு முடிஞ்சிடும்" என்று அவங்க முன்னாடி சொல்லணும். ரெண்டாவது, கூட்டமைப்புக் கட்டடத்தைச் சாயங்காலம் திறந்து விடறது. அங்கே லைட் இருக்குது, ஃபேன் இருக்குது, கழிப்பறை இருக்குது. இருட்டினதுக்கு அப்புறம் பெண் பிள்ளைங்க யார் கூட வீட்டுக்குப் போகும்னு சேர்ற அன்னிக்கே பேர் எழுதி வாங்கிக்கணும்.

இடம் பத்திப் பேசும்போது இன்னொண்ணும் சொல்லியாகணும். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாத்தான் இருக்குது, ஆனா சொல்லாம விட்டா இந்தப் பேச்சு முழுசாகாது. டீச்சர் பேரைச் சொன்ன உடனே சிலர் கேக்கற முதல் கேள்வி, "அவங்க யாருங்க, எந்த ஆளுங்க?" என்ன படிச்சிருக்காங்கன்னு அதுக்கப்புறந்தான் கேக்கறாங்க. அதே மாதிரி, தன் வீட்டுத் திண்ணையில எந்தத் தெருப் பிள்ளை உட்காரலாம்னு பார்க்கற டீச்சர் வீடும் இருக்குது. நல்லாச் சொல்லித் தர்ற ஒரு பி.எட். படிச்ச பொண்ணு, தன் தெருவுக்கு வெளியே ஒரு பிள்ளைகூடக் கிடைக்காம மூணு மாசம் இருந்தா. நம்ம குழுக் கூட்டத்துல வட்டமா உட்கார்றோம். ஒரே பெட்டியில சேமிப்புப் போடறோம். ஒரு உறுப்பினர் வாங்கற கடனுக்கு மத்தவங்க எல்லாரும் பொறுப்பு ஏத்துக்கறோம். பிள்ளைங்க விஷயத்துல மட்டும் இந்தக் கேள்வி எதுக்கு? அந்தக் கேள்விக்குக் கூட்டமைப்பு பதில் சொல்லாதுன்னு தீர்மானம் போட்டிருக்கோம். டீச்சரோட படிப்பு, அனுபவம், நேரம், கட்டணம் இது நாலுதான் சொல்லுவோம். வகுப்பு பொது இடத்துல நடந்தா அந்தக் கேள்வி பாதி தானாவே குறைஞ்சுபோகுது. அந்த பி.எட். பொண்ணு இப்போ கூட்டமைப்புக் கட்டடத்துல பத்தாவது பிள்ளைங்களுக்கு அறிவியல் எடுக்கறாங்க. பாயில யாரு பக்கத்துல யாருன்னு பிள்ளைங்க பார்க்கறது இல்லை.

மூணாவது சிக்கல், பணம். இதுலதான் பழக்கம் முறிஞ்சு போறது.

"பக்கத்து வீட்டுப் பிள்ளை, எப்படிங்க காசு கேக்கறது?" என்று டீச்சர் நினைப்பாங்க. "சும்மா வீட்டுல இருக்கறவங்கதானே, கூட நம்ம பிள்ளையும் உட்காரட்டும்" என்று பெற்றோர் நினைப்பாங்க. ரெண்டு பேரும் வாய்விட்டுப் பேச மாட்டாங்க. மூணாவது மாசம் ஒருத்தருக்கொருத்தர் முகம் பார்க்க மாட்டாங்க.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டீச்சர்கிட்ட 8 பிள்ளைங்க, ஆளுக்கு மாசம் 300 ரூபாய்னு வெச்சுக்கங்க. 2,400 ரூபாய் வரணும். 26 நாள், தினம் ஒண்ணரை மணி நேரம், ஆக 39 மணி நேர வேலை. எல்லாரும் கொடுத்தா மணிக்கு 61 ரூபாய். மூணு பேர் கொடுக்கலைன்னா கைக்கு வர்றது 1,500, மணிக்கு 38 ரூபாய். நோட்டுத் திருத்தற நேரத்தை இதுல சேர்க்கவே இல்லை. எட்டு மணி நேர வேலைக்குக் கூலி குறைஞ்சா நாம யாரும் தறிக்குப் போக மாட்டோம். படிச்ச பொண்ணோட நேரத்துக்கு மட்டும் கணக்கே இல்லைன்னு ஆயிடுது.

நமக்குப் பஞ்சசூத்திரம் தெரியும். தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, தவறாத உள்கடன், தவறாத திருப்பிச் செலுத்தல், தவறாத கணக்குப் பதிவு. அண்ணன் தங்கச்சியா இருந்தாலும் கடனைப் புத்தகத்துல எழுதித்தானே கொடுக்கறோம்? அதுல யாருக்கும் வருத்தம் இல்லை. எழுதி வெச்சதாலதான் இத்தனை வருஷமா நம்ம குழு உடையாம இருக்குது. டியூஷனையும் அப்படியே எழுதணும். கட்டணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள்ள, மாரியம்மன் நோம்பிக்கு எத்தனை நாள் லீவு, பிள்ளை பாதி மாசம் வரலைன்னா என்ன, டீச்சருக்கு உடம்பு முடியலைன்னா என்ன. ஒரே ஒரு பக்கம் போதும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஊக்குநர் சாட்சி.

கட்ட முடியாத குடும்பம் இருக்குதே, அவங்க பிள்ளைங்க என்ன பண்ணும்னு கேப்பீங்க. கேக்க வேண்டிய கேள்விதான். கணவனை இழந்து தனியா நின்னு பிள்ளை வளர்க்கற அக்கா இருக்காங்க, மாற்றுத் திறனாளிக் குடும்பம் இருக்குது. அவங்களுக்குக் குறைக்கத்தான் வேணும். ஆனா அந்தச் சுமையை டீச்சர் தலையில தனியா வைக்கக் கூடாது. யாருக்குப் பாதி, யாருக்கு முழுசும் வேண்டாம்னு கூட்டமைப்பு தீர்மானம் போட்டு, நம்ம நிதியிலிருந்து டீச்சருக்குக் கொடுக்கணும். அப்போ அந்தப் பிள்ளை "ஓசியில படிக்கற பிள்ளை" என்கிற பேர் இல்லாம வகுப்புல உட்காரும். யாருக்குக் குறைச்சோம்னு வகுப்புல யாருக்கும் தெரிய வேண்டியதும் இல்லை.

நாலாவது, பாதுகாப்பு. இதுல தாட்சண்யமே கூடாதுங்க.

தெரிஞ்ச ஆள், சொந்தக்காரர், நல்ல மனுசர் என்கிற பேச்செல்லாம் இங்கே செல்லாது. ஆணோ பெண்ணோ, யார் சொல்லிக் கொடுத்தாலும் அடையாள அட்டை நகல் வாங்கி வைக்கணும். கதவு திறந்திருக்கணும். ஒரு பிள்ளையைத் தனியா உட்கார வைக்கக் கூடாது. காலையில ஆறரை மணிக்குப் படிச்ச அந்தப் பொண்ணுக்குக்கூட, அவங்க அம்மா அடுத்த திண்ணையில உட்கார்ந்திருந்தாங்க. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கற போக்சோ சட்டம் 2012-ல் வந்தது. அதுல பையன், பொண்ணு ரெண்டு பேருக்கும் பாதுகாப்பு இருக்குது. குற்றம் நடந்தது தெரிஞ்சும் சொல்லாம மறைச்சாலும் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098. இந்த நம்பரைச் சுவத்துல பெருசா எழுதிப் போடுங்க, பிள்ளைங்க கண்ணுல படற உயரத்துல.

"நாலு போடு போட்டுச் சொல்லிக் கொடுங்க டீச்சர், ஒண்ணும் கேக்க மாட்டோம்" என்று சொல்ற அம்மாமாரும் இருக்காங்க. பள்ளிக்கூடத்துல பிள்ளையை அடிக்கறதையும் மனசு நோகப் பண்றதையும் கல்வி உரிமைச் சட்டம் தடை பண்ணியிருக்குது. பள்ளிக்கூடத்துல கூடாதது டியூஷன்லயும் கூடாதுங்க. அந்த ஒரு பக்க ஒப்பந்தத்துல இதையும் எழுதறோம்.

இன்னொரு கோரிக்கை அடிக்கடி வருது. "பள்ளிக்கூட டீச்சரையே டியூஷனுக்குப் பேசிக் கொடுங்க, அவங்கதானே கேள்வித்தாள் எடுக்கறாங்க" என்று. அது முடியாதுங்க. 2009-ஆம் ஆண்டின் அதே கல்வி உரிமைச் சட்டத்தில் 28-ஆம் பிரிவு, எந்த ஆசிரியரும் தனி டியூஷன் எடுக்கக் கூடாதுன்னு சொல்லுது. காரணம் நியாயமானதுதான். வகுப்புல நடத்த வேண்டியதை மிச்சம் வெச்சு வீட்டுல விக்கற நிலைமை வரக் கூடாது. பிள்ளைக்கு வகுப்புல புரியலைன்னா வகுப்புலயே கேக்கற உரிமை நமக்கு இருக்குது. பள்ளி மேலாண்மைக் குழுவுல நாலுல மூணு பங்கு பெற்றோர்தான் இருக்கணும், உறுப்பினர்கள்ல பாதிப் பேர் பெண்களா இருக்கணும்னு சட்டமே சொல்லுது. நம்ம உறுப்பினர்கள் பலர் அதுல இருக்காங்க. முதல்ல அங்கே கேளுங்க. மூணாவது வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு எழுத்தும் கணக்கும் உறுதியா வரணும்னு 2022-லிருந்து 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நடக்குது. உங்க பிள்ளை அதுல எந்த நிலையில இருக்குதுன்னு டீச்சர்கிட்டக் கேட்டா சொல்லுவாங்க. பள்ளிக்கூடம் செய்ய வேண்டியதைப் பள்ளிக்கூடம் செஞ்சதுக்கு அப்புறம் மிச்சம் இருக்கறதுக்குத்தான் டியூஷன்.

மார்க் விஷயத்துக்கு வர்றேன். நம்ம பகுதிக்கு இதுல ஒரு பழக்கம் உண்டு. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு சுத்துவட்டாரத்துல விடுதிப் பள்ளிகள் பெருகி, மாநிலம் பூராவுமிருந்து பிளஸ் டூ மார்க்குக்காகப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்த காலத்தை நாம பார்த்திருக்கோம். மாநில ரேங்க் பட்டியலை வெளியிடற வழக்கத்தை அரசு 2017-ல் நிறுத்திட்டுது. ஆனா நம்ம மனசுல அந்தப் பட்டியல் நிக்கலை. "எத்தனை மார்க் ஏத்திக் காட்டுவீங்க?" என்றுதான் டியூஷன் டீச்சரைக் கேக்கறோம். அப்படி உறுதி கொடுக்கற டீச்சரை நம்பாதீங்க. மூணு மாசம் கழிச்சு, முதல் நாள் வெச்ச அதே மாதிரித் தாளைத் திரும்ப வைங்க. அன்னிக்குப் படிக்க முடியாததை இன்னிக்குப் படிக்குதா, அதைப் பாருங்க. ஒண்ணும் மாறலைன்னா டீச்சரை மாத்தலாம். அதுக்கும் ஒரு முறை இருக்குது. பத்து நாள் முன்னாடி சொல்லி, பாக்கியைக் கொடுத்து, நன்றி சொல்லி விலகணும். சொல்லாமக் கொள்ளாம நின்னுட்டு, கடைவீதியில பார்த்தா தலையைத் திருப்பிக்கிட்டுப் போறது நம்ம குழுவுக்கு அழகு இல்லைங்க. ரெண்டு பேரும் அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரே கூட்டத்துல உட்காரணும்.

எல்லாப் பிள்ளைக்கும் டியூஷன் வேணும்னு நான் சொல்ல வரலை. 2022 ஏசர் கணக்குப்படி, நாட்டுல ஒண்ணாவது முதல் எட்டாவது வரை படிக்கற கிராமத்துப் பிள்ளைங்கள்ல நூத்துக்கு 30 பேருக்கு மேல காசு கொடுத்து டியூஷன் போறாங்க. பீகார், மேற்கு வங்காளத்துல 70-க்கும் மேல. அங்கே டியூஷன் போகாத பிள்ளைதான் தனியாத் தெரியும். சீனாவுல 2021-ல் பாடங்களுக்கு லாபத்துக்கு டியூஷன் நடத்தக் கூடாதுன்னு அரசாங்கமே தடை போட்டுப் பார்த்தது. தேவை இருந்த குடும்பங்கள் வீட்டுக்குள்ள ரகசியமா டீச்சர் வெச்சுக்கிட்டாங்க, அதுவும் அதிகக் காசு கொடுத்து. பயத்துல ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் அனுப்ப ஆரம்பிச்சா அப்புறம் நிறுத்த முடியாது. அதனால அந்த அரை மணி நேரச் சோதனையில நல்லாப் படிக்கற பிள்ளைன்னு தெரிஞ்சா, "இந்தப் பிள்ளைக்கு வேண்டாம், சாயங்காலம் விளையாட விடுங்க" என்று நாங்களே திருப்பி அனுப்பியிருக்கோம். பெற்றோருக்குக் கோபம்தான். ஆனா அந்த 300 ரூபாய் அவங்க சேமிப்புக் கணக்குல ஏறும்.

இந்த மேடையிலிருந்து ஒவ்வொரு குழுவையும் நான் கேட்டுக்கறது மூணு வேலை. அடுத்த கூட்டத்துல உங்க குழுக் குடும்பங்கள்ல படிச்ச பெண்கள் யார் யாருன்னு ஒரு பட்டியல் எடுங்க. பத்தாவதுன்னாலும் எழுதுங்க, பிளஸ் டூன்னாலும் எழுதுங்க. எந்தப் படிப்பு எந்தப் பிள்ளைக்கு உதவும்னு முன்னாடியே முடிவு பண்ண வேண்டாம். ரெண்டாவது, உங்க தெருவுல அஞ்சாவதுக்கு மேல போயும் வாசிக்கத் திணறுற பிள்ளை இருக்குதான்னு, அந்தப் பிள்ளை மனசு நோகாம விசாரிச்சு வைங்க. மூணாவது, டியூஷன் கட்டணம் பாக்கி வெச்சிருக்கறவங்க இந்த மாசக் கடைசிக்குள்ள கொடுத்து முடிங்க. பேர் சொல்ல மாட்டேன். கேட்டுக்கிட்டிருக்கறவங்களுக்குத் தெரியும்.

ஒப்பந்தப் படிவத்தோட நகல் வாசல்ல பொருளாளர்கிட்ட இருக்குது. குழுவுக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போங்க. சாப்பாடு தயாரா இருக்குதுன்னு சைகை காட்டறாங்க, இதோட முடிச்சுக்கறேன்.